சுல்தானின் நோன்பு

மீன் வளர்க்கத் தெரிந்த யாரும் ஃபைட்டர் மீனைக் கண்ணாடிக் கடைப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி அறுப்பது, படங்களுக்கு ஃப்ரேம் போடுவது, முகம் பார்க்கும் கண்ணாடி விற்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் நடக்கும். மூன்று சுவரிலும் கண்ணாடி. தலை வாராமல் உள்ளே போனால் பத்து இடத்தில் மானம் போகும். ஃபைட்டரோ தன் முகத்தைப் பார்த்தாலே எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும். அதனால் சுல்தான் வீட்டில்தான் இருக்க வேண்டும், கடைக்கு வரவே கூடாது என்று அத்தா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சுல்தான் என் மீன். ஐந்தாம் வகுப்புக்கு வந்த புதிதில் நச்சரித்து வாங்கியது. செம்பாக்கத்தில் ஒருவர் வீட்டு வாசலிலேயே மீன் விற்பார். ஃபைட்டர்களை டம்ளர் டம்ளராக வரிசையில் வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துவிடாதபடி நடுவில் அட்டை சொருகியிருப்பார். நான் சும்மா இருப்பேனா, ஓர் அட்டையை உருவினேன். இரண்டு பக்கமும் மீன்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. "பாப்பா, அட்டய எடுக்காத, பேஜாராயிடும்" என்று அவர் பதறி ஓடி வந்தார். அந்த இரண்டில் அதிகமாகச் சிலிர்த்த நீல உடம்பு, சிவப்பு வால்காரனைத்தான் வேண்டும் என்று கேட்டேன். சண்டைக்கோழிகளைத்தான் எனக்கு அப்போது பிடிக்கும். நானே ஒரு சண்டைக்கோழிதான்.

தொட்டியை அத்தாவே செய்தார். அறுத்து மிஞ்சிய துண்டுகளை அளவாக வெட்டி, என் கையைக் கீறிவிடக் கூடாதென்று ஓரங்களைக் கல்லில் தேய்த்து, மீன் துள்ளி விழாமலிருக்க மேலே ஒரு மூடியும் வைத்து, தீனி போட மூடியின் ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டார். மூலைகளை ஒட்டும் பசைக்கு வினிகர் மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். அந்த வாடை போகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் மீனுக்கு விஷம் என்றார். காலையில் எழுந்ததும் தொட்டிக்குள் முதலில் அத்தா மூக்கை விடுவார், பிறகு நான். "பிரியாணிச் சட்டியக்கூட ரெண்டு பேரும் இப்படி மோந்து பாத்ததில்ல" என்பார் அம்மா.

சுல்தானை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன், அதைச் சொல்லிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றுவேன். பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தின் காய்ந்த இலையைப் பொறுக்கி வந்து போடுவேன், தண்ணீர் டிக்காஷன் நிறமாகும், அவனுக்கு அது பிடிக்கும். வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் என் பக்கத்துக் கண்ணாடியில் வந்து நிற்பான். விரலை நகர்த்தினால் கூடவே நகர்வான். வகுப்பில் யாரோடு பேசவில்லை, யார் என்னைப் பற்றி மிஸ்ஸிடம் போட்டுக்கொடுத்தாள் எல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கு மட்டும்தான் வருவான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். தீனி டப்பாவை யார் ஆட்டினாலும் வருவான் என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்த வருஷம் ரமலான் மழைக்காலத்தில் வந்தது. அதுவரை அரை நாள் நோன்பு வைத்துப் பெரிய மனுஷி வேஷம் போட்டவள், இந்த முறை மாதம் முழுக்க வைக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன். விட்ட பிறகுதான் உதறல் எடுத்தது. அத்தாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் என்கூட எல்லா நோன்பும் வைக்கணும், ஒண்ணுகூட விடக் கூடாது" என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தா, "சரிம்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே வைக்கலாம்" என்று முந்திக்கொண்டார்.

சுல்தானையும் சேர்த்துக்கொண்டேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்போது அவனுக்குத் தீனி, பிறகு சாயங்காலம் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் அடுத்தது.

"மீனுக்கு எதுக்கும்மா நோன்பு?" என்று கேட்டார் அத்தா.

"எனக்குத் துணைக்குத்தான் அத்தா."

அத்தா சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு தோசையை எடுத்து வைத்தார். அம்மா வந்து எழுப்பும்போதெல்லாம் அவர் எனக்கு முன்பே எழுந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் தூங்கி விழுந்தால் தோளைத் தட்டுவார். சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு, பாங்குக்காக என்னோடு சேர்ந்து அவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

நோன்பு பாதியைத் தாண்டியிருந்த ஒரு நாள் வகுப்புக்குள் மழைத் தண்ணீர் வந்துவிட்டதால் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் தொட்டி பாதி காலி. ஒரு மூலையில் பசை விட்டுப்போய், ஷோகேஸ் வழியாக டீவி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா டீவியைத் துடைத்துக்கொண்டே கத்த, நான் சுல்தானை ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற உத்தரவெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அத்தாவிடம் சொன்னால் சரியாகிவிடும், அவ்வளவுதான் தெரியும்.

கடையில் அத்தாவைக் காணோம். சாய்த்து வைத்திருந்த பெரிய கண்ணாடிகளுக்குப் பின்னால், தெருவுக்கு முதுகு காட்டி யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார் போல. எதிர்ச் சுவரில்தான் விற்காத கண்ணாடிகள் எல்லாம் தொங்கின. வட்டக் கண்ணாடியில், நீட்டுக் கண்ணாடியில், டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஓர் அத்தா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு, மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். என் கையில் பாட்டிலுக்குள் சுல்தான் செவுளை விரித்துக்கொண்டு நின்றான். நான் அவனைக் கையால் மூடிக்கொண்டு, சத்தம் காட்டாமல் மழையிலேயே திரும்பி நடந்தேன்.

எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. அத்தா பொய்யர். நானும் ஒரு மீனும் பட்டினி கிடக்க, அவர் ஒளிந்துகொண்டு இட்லி சாப்பிடுகிறார். என் வகுப்புத் தோழிகளின் அத்தாக்களை நினைத்துப் பார்த்தேன், ஒருத்தர்கூட இப்படியிருக்க மாட்டார் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் அத்தா வந்து, "தொட்டி ஒழுகுதாமே, எடும்மா, ஒட்டித் தர்றேன்" என்றார். வேண்டாம், சுல்தானுக்கு பாட்டிலே போதும் என்றேன். பாட்டிலில் அவன் வாலை முழுதாக விரிக்கக்கூட இடமில்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குப் பசி என்று காரணம் சொல்லிக்கொண்டார் அம்மா.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்கப் பெரியத்தா குடும்பம் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தது. பெரியத்தா என்றால் அத்தாவின் அண்ணன். கூடத்தில் விரிப்புப் போட்டு, பேரீச்சம்பழம், கஞ்சி, வடை எல்லாம் பரப்பி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு நோன்புகூட விடவில்லையாமே என்று பெரியத்தா என் தலையில் கை வைத்துப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்கொழுப்பு யாரை விட்டது?

"என் மீனும் ஒண்ணுகூட விடல பெரியத்தா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். "அத்தாதான் தினமும் கடையில கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சு சாப்பிடுறாங்க. நானே பாத்தேன்."

அந்த நேரம் பார்த்துப் பாங்கு சொன்னது. யாரும் தட்டுக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. அத்தா விரலில் பிடித்திருந்த பேரீச்சம்பழத்தை மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டார். இதை எழுதும் இந்த நிமிஷம்கூட எனக்குக் காது சுடுகிறது. அவர் அந்தப் பழத்தைத் திருப்பி வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நன்றாகவே தாங்கினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதியாட்டம்.

பெரியத்தாதான் முதலில் பேசினார். "சுகர் இருக்குறவன் நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டுத்தான்டா ஆகணும். மார்க்கத்துலயே அனுமதி இருக்கு. இதுல எங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணும் ஒளிக்கலண்ணே" என்றார் அத்தா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று நினைத்து நானும் முறைத்தேன். சுகர் என்றால் சர்க்கரை இல்லாத டீ குடிப்பது என்றுதான் எனக்குத் தெரியும். டீயே குடிக்காமலிருக்கத்தானே நோன்பு? பெரியவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு என் கஞ்சியைக் குடித்தேன்.

விருந்தாளிகள் போன பிறகு அத்தா யாரிடமும் கேட்காமல் தொட்டியை எடுத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினார். "வாடை போற வரைக்கும் தண்ணி ஊத்தாதம்மா, நான் மோந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தொட்டிக்குள் மூக்கை விட்டேன். வாடை அடித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நோன்பு விஷயத்தில் பொய் சொன்னவர் பசை விஷயத்தில் மட்டும் உண்மையா சொல்லிவிடப் போகிறார்? தண்ணீரை ஊற்றிச் சுல்தானை விட்டேன். பாட்டிலில் இத்தனை நாள் சுருண்டு கிடந்தவன் வாலை முழுதாக விரித்து ஒரு சுற்று வந்தான். அத்தா சொல்பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பூரித்துப்போனேன்.

பாங்கு சொன்னதும் ஆசையாகத் தீனியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் மேலே வரவில்லை. அடியில் வாதாம் இலை மேல் ஒருக்களித்துக் கிடந்தான். கண்ணாடியைத் தட்டினேன், விரலை நகர்த்திப் பார்த்தேன், பிறகு வீடே அதிர அழுதேன்.

அத்தா ஓடி வந்து தொட்டிக்குள் குனிந்து மோந்தார். அவருக்கு உடனே புரிந்திருக்கும். அம்மாவுக்கும் புரிந்தது. "சொன்ன பேச்சக் கேட்டிருந்தா" என்று அம்மா ஆரம்பித்தார். "அவளச் சொல்லாத. நான்தான் பசைய அதிகமா வச்சிட்டேன்" என்றார் அத்தா. பார்த்தாயா, கடைசியில் அவர் வாயாலேயே வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சுல்தானைக் கொன்றது அத்தாதான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் மறுக்கவில்லை. குழாயடியில் ஈர மண்ணைக் கையாலேயே தோண்டி, அவனைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். நான் கிட்டப் போகாமல் வாசற்படியில் நின்றேன்.

மறுநாள் சஹருக்கு அம்மா எழுப்பினார். வந்து பார்த்தால் வழக்கமான இடத்தில் தட்டின் முன்னால் அத்தா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டுதான் உடைந்துவிட்டதே, இனி யாரை ஏமாற்ற இந்த வேஷம்?

"உங்களுக்குத்தான் நோன்பு இல்லையே, நீங்க எதுக்கு எழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்மா. தூக்கம் வரல" என்றார்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாளும் அவர் அங்கே இருந்தார், அதற்கு மறுநாளும். பெருநாள் வரைக்கும் ஒரு நாள்கூட அந்த நேரத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனுஷனுக்கு என்னதான் வந்தது, பேசாமல் படுத்துத் தூங்கலாமே என்றுதான் முதுகைக் காட்டிக்கொண்டு நான் நினைத்தேன்.