யாருடைய அப்பாவுக்கு அந்த அழுகை?

போன வாரம் எங்கள் தெருவில் செல்வி இறந்துபோனார். மாரடைப்பு. இருபது வருடமாகத் தினமும் விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் பறிக்கப் போனவர். கணவர் தவறியபின் மகள் கவிதாவைத் தனியாக வளர்த்தவர்.

துக்கம் கேட்கப் போனேன். வாசலில் ஆள் உயர ஸ்பீக்கர். அதில் யாரோ ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தார்... “என்னைப் பெத்த அப்பா, இப்படி விட்டுட்டுப் போனீகளே!”

அப்பாவா? இறந்தது அம்மா அல்லவா?

சவுண்ட் சர்வீஸ்காரரைக் கேட்டேன். “அம்மா பாட்டு டவுன்லோடு ஆகலக்கா, நெட்டு ஸ்லோ. அழுகைதானக்கா... எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! உள்ளே கவிதா முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதுவிட்டால் தேவலையே என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தோம். அந்த இரைச்சலில் யார் அழுவது?

மதியம் செல்வியோடு வேலை பார்த்த பத்துப் பெண்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். செல்வியின் கொழுந்தன் – செல்போன் கடை முதலாளி – வாசலிலேயே மறித்தார். “மாலையப் போட்டுட்டு வெரசா நகருங்கம்மா. சொந்தக்காரங்க வர்ற நேரம்.”

எந்தச் சொந்தக்காரர்கள்? பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்களா? இந்தப் பெண்கள் இருபது வருடம் செல்வியின் தூக்குவாளியில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள்!

நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். என் வயதுக்குச் செய்கிற காரியமில்லைதான். பரவாயில்லை.

“நம்ம பாட்டையே பாடுவமாடி?” என்றபடி வாசலிலேயே உட்கார்ந்தார் வந்தவர்களில் ஒருவரான மாரியம்மா.

அது சூப்பர்வைசரைக் கிண்டலடித்து செல்வியே கட்டிய பாட்டு. மழைக்குத் தலையில் சாக்கைப் போர்த்திக் காய் எடுக்கும்போது முதல் அடியை அவர் பாடுவார், மற்றவர்கள் பின்பாட்டு. “இது என்ன கல்யாண வீடா?” என்று கொழுந்தன் குதித்தார். யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் பாட்டு வரவில்லை. முதல் அடியை எடுக்க ஒருவருக்கும் மனசில்லை. அது செல்வியுடையது.

“சாரலு அடிக்குது, சாக்கு நனையுது...” உள்ளேயிருந்து ஒரு குரல். கவிதா!

“சாருக்கு மட்டும் குடை எதுக்கு?” பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாவது அடியில் கவிதா உடைந்தாள். வெளியே ஓடிவந்து மாரியம்மாவின் மடியில் விழுந்து கதறினாள். அந்தப் பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. சிரிப்பும் அழுகையுமாகப் பாடி முடித்தார்கள். நானும் அழுதேன்.

மரியாதை, மரியாதை என்கிறோமே... அது யாருக்கு? பார்க்க வருகிற நாலு பேருக்கா, படுத்திருக்கிறவருக்கா?

நேற்று கொழுந்தன் போன் செய்தார். “அக்கா, அந்தப் பாட்ட யாராச்சும் ரெக்கார்டு பண்ணுனாகளா? பதினாறாம் நாளுக்கு ஸ்பீக்கர்ல போடணும்.”

“ரெக்கார்டு இல்ல தம்பி. அந்தப் பத்துப் பேருக்கும் முதப் பந்தியில இலை போடுங்க... பாட்டு தானா வரும்!”