நீக்கச் சொன்ன ஏழாவது பத்தி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். வாரக்கணக்கில் வாய் திறக்காத மனிதனோடு எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக் குடித்தனம் நடத்துவது? மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, கல்யாணமான பத்தாவது வருடத்தில் எட்டு வயது மகளோடு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். விவாகரத்துக்கு இருவருமே தலையாட்டினார்கள். மகள் யாரிடம் என்பதில்தான் முட்டிக்கொண்டார்கள்.

மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. அப்பாவின் ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்குவது அவளுக்கு விளையாட்டு. அவள் போன பிறகு பெட்டி கலைந்தே கிடந்தது. அவனுக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. ஒருநாள் ஒரு கட்டடத்தில் பழுது பார்த்துவிட்டு மெயின் சுவிட்சைப் போடாமலே வந்துவிட்டான். ஆறு மாடி ஏறி இறங்கியவர்கள் மேலதிகாரியைப் பிடிபிடியென்று பிடிக்க, அவர் இவனைப் பிடித்தார்.

அவன் வைத்த வக்கீலம்மா கெட்டிக்காரர். "அவங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. எனக்கும் பாசம் இருக்குன்னு சும்மா போய் நின்னா, அப்பப்போ பார்க்க விடுவாங்க, அவ்வளவுதான். அவங்க மேல சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

அவன் யோசித்தான். "குழந்தை பிறந்தப்போ ஒரு வருஷம் மனசு சரியில்லாம இருந்தா. டாக்டர்கிட்ட காட்டினோம். சரியாயிடுச்சு."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

இருந்தது. மனுவின் ஏழாவது பத்தியில் அது ஏறியது: தாய் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், குழந்தையை அவரிடம் விடுவது ஆபத்து. அந்த வரியை அவன் இரண்டு முறை படித்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாய்தாவில், கோர்ட் நடைபாதையில் மனைவி நேராக அவனிடம் வந்தாள். கையில் மனுவின் நகல்.

"அந்த வருஷம் நான் படுக்கையை விட்டே எழுந்திருக்கல. பிள்ளையைக் குளிப்பாட்டினது நீங்க. எனக்குத் தலை வாரிவிட்டது நீங்க. டாக்டர்கிட்ட போறதுல என்ன வெட்கம்னு கேட்டது யாரு?"

அவள் நகலை மடித்துப் பையில் வைத்தாள்.

"இனி ஒருநாள் ஜட்ஜ் அம்மா வாலுவைக் கூப்பிட்டு, அம்மாவைக் கண்டா உனக்குப் பயமான்னு கேட்பாங்க. அவ என்ன சொல்லுவா? அதையும் யோசிச்சீங்களா?"

அவன் யோசித்திருக்கவில்லை. மூன்று நாள் அதையேதான் யோசித்தான். நாலாம் நாள் வக்கீலம்மாவிடம் போய் நின்றான்.

"ஏழாவது பத்தியை எடுத்துடுங்க மேடம்."

"அதை எடுத்தா கேஸ்ல என்ன மிஞ்சும்? நீங்களே பொய்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"வைத்தியம் பார்த்தது நிஜம். ஆபத்துன்னு எழுதினதுதான் பொய். எடுத்துடுங்க."

திருத்த மனு போட்டார்கள். நீதிபதி இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வாலுவிடம் தனியாகப் பேசினார். அந்த அரைமணி நேரமும் பெஞ்சின் இரு முனையில் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு வந்தது. குழந்தை தாயிடம். வாரம் விட்டு வாரம் சனி ஞாயிறும், பள்ளி விடுமுறையில் பாதியும் தகப்பனிடம். படிப்பு, வைத்தியம் எல்லாம் இருவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

பத்தியை மனுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் படித்ததை யார் நீக்குவது? முதல் சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான்.

"தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் வாலுவின் பையை நீட்டினாள். "திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. நாளைக்கு ஆறு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடுங்க." கதவு சாத்திக்கொண்டது.

பஸ்ஸில் வாலு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடக் கதை, பல் விழுந்த கதை எல்லாம் ஓய்ந்த பிறகு, "அப்பா, ஜட்ஜ் அம்மா மேசை மேல ஒரு டப்பா நிறைய மிட்டாய் இருந்துச்சு. எடுத்துக்கோன்னு சொன்னாங்க" என்றாள்.

"எத்தனை எடுத்த?"

"எடுக்கவே இல்ல. எந்தக் கலர் எடுத்தா யார் பக்கம்னு நினைச்சுக்குவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.