எஞ்சினுக்கு வடித்த தண்ணீர்

சிக்கல் கிராமத்தில் நின்று எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டாலும் ரயில் சத்தம் கேட்காது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி ராமநாதபுரம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், எட்டு ஏக்கர் மிளகாய்க்காட்டுக்குச் சொந்தக்காரரான ராமசுப்பிரமணியன், அறுபத்திரண்டாவது வயதில் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினின் நீளம் ஒரு முழம். அது அடைத்துக்கொண்ட இடம் பாதி வீடு.

எல்லாம் ஒரு பேச்சால் வந்த வினை. மகன் யோகேஸ்வரனின் கல்யாணத்தன்று மண்டபத்துத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. ராமசுப்பிரமணியன் முந்திக்கொண்டு அதைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. பெண்ணைப் பெற்ற வேல்சாமி ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தே நிமிஷத்தில் மோட்டாரை ஓடவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "சம்பந்திக்கு வெள்ளாமைதான் வரும், ஸ்பேனர் வராது" என்று பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டார். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ராமசுப்பிரமணியனும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குக் குடித்த பாயசம் நாலு வருஷமாகியும் அவருக்குச் செரிக்கவில்லை.

அய்யாவின் மனசு தெரிந்த மகன் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியை அனுப்பினான். நிஜ எஞ்சினில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பித்தளையும் எஃகுமாக எழுநூற்றுச் சொச்சம் பாகங்கள், கேப்பை மணி அளவில் திருகாணிகள். எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜமாகவே நீராவியில் ஓடும் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. ராமசுப்பிரமணியனுக்கு அது போதும். பூச்சிமருந்து டப்பாவின் முதுகையே கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிக்கிற மனிதர் அவர்.

பதினோரு மாதம் கட்டினார். ஒரு திருகாணி கீழே விழுந்தால் வீட்டில் மின்விசிறி சுற்றக் கூடாது. மனைவி நாகலெட்சுமி கூட்டிய குப்பையைச் சல்லடையில் சலித்துப் பார்த்த பிறகுதான் வெளியே கொட்டலாம். எஞ்சின் ஓட வேண்டும், அதை வேல்சாமி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மழை பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும், உப்பு பட்டால் கொதிகலன் கெட்டுவிடும். ராமசுப்பிரமணியனுக்குப் பகீரென்றது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். கடையில் விற்கிற பேட்டரித் தண்ணீரிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. நாகலெட்சுமியின் குக்கரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். விசிலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செம்புக் குழாயை மாட்டினார். குழாயைச் சுருட்டிப் பச்சைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி, குக்கருக்கு அடியில் கருவேல விறகை எரித்தார். அரை நாள் எரித்தால் ஒரு லிட்டர் சொட்டும். அதைப் பாட்டிலில் பிடித்து, 'எஞ்சின்' என்று எழுதி ஒட்டி, சாமி படத்துக்குக் கீழே வரிசையாக வைத்தார்.

"குக்கர் இல்லாம பருப்ப எதுல வேக வைக்க?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"சட்டியில வையி. எங்காத்தா குக்கர்லயா வச்சுச்சு?"

"அப்பக் கேன் தண்ணிய ஊத்தி வைக்கவா?"

"கேன் தண்ணி குடிக்கிறதுக்கு. அதையும் ஒலையில ஊத்துனா கட்டுபடியாகுமா?"

அதற்குப் பிறகும், சாம்பாரில் பருப்பு முழித்துக்கொண்டு கிடந்தால் முகத்தைச் சுளிக்க அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்சாமி தன் ஊரான அக்காள்மடத்திலிருந்து விருந்துக்கு வந்தார். முதலில் சாப்பாடு, பிறகு எஞ்சின் என்று ஏற்பாடு. அன்றைக்குப் பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. "தங்கச்சி, பருப்புன்னா இது பருப்பு" என்று வேல்சாமி நாகலெட்சுமியைப் பாராட்டினார். ராமசுப்பிரமணியன் அந்தப் பாராட்டையும் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு, மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூடத்தில் தண்டவாளம் வட்டமாகக் கிடந்தது. வேல்சாமி குனிந்து சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். இணைப்புக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். "கை சுத்தமா இருக்கே சம்பந்தி! சர்வீஸ்ல இருந்தவன்கூட இவ்வளவு சுத்தமாப் பூட்ட மாட்டான்" என்றார். ராமசுப்பிரமணியன் நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அந்த இடத்தில் அவர் எஞ்சினைத் துணி போட்டு மூடியிருக்க வேண்டும்.

பாட்டிலைத் திறந்து ஊற்றினார். விளக்கை ஏற்றினார். ஆவி ஏறியது. எஞ்சின் குப்குப்பென்று புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் இருமியது. புகைபோக்கியிலிருந்து நுரையும் வெந்நீருமாகத் துப்பிவிட்டு, பாதி வழியில் உடம்பை ஒரு உதறு உதறி நின்றுபோனது.

தரையில் தெறித்த சொட்டை வேல்சாமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புக் கரிக்குதே. கெணத்துத் தண்ணியவா ஊத்துனீக?"

"இருக்கவே இருக்காது. எங் கையால வடிச்ச தண்ணி!" ராமசுப்பிரமணியன் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கை வேல்சாமி நாகரிகமாகப் பார்க்காமல் இருந்தார்.

"ஏ நாகு! பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?"

நாகலெட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நீகதானே மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீக?"

ராமசுப்பிரமணியன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள். "அண்ணன் மொதமொதல்ல விருந்துக்கு வாராக. முழிச்சுக்கிட்டிருக்கிற பருப்ப எப்படி எலையில போட? ரெண்டு பாட்டில ஒலையில ஊத்திட்டேன். வையிவீகன்னு பயந்து கெணத்துத் தண்ணிய ரொப்பி வச்சேன். பாக்க ஒண்ணு போலத்தானே இருக்கு."

வேல்சாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பந்தியில் சிரித்ததைவிட இரண்டு பங்கு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் கெட்டுப் போகல சம்பந்தி. ஆறவிட்டு, நல்ல தண்ணியில நாலு தடவ அலசுனா சரியாப் போயிரும்" என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மிச்சப் பருப்பைத் தூக்குவாளியில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு ராமசுப்பிரமணியன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தண்ணியாலதான் பருப்பு வேகலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வந்த வருசமே சொன்னேன். கடைய மாத்திப் பருப்பு வாங்குன்னீக. முப்பத்தாறு வருசத்துல ஏழு கட மாத்தியாச்சு."

அவருக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்த அன்றைக்கே குக்கரைத் தூக்கிய மனிதர் அவர். கொல்லைக்குப் போனார். அடுப்பில் விறகை வைத்தார், குக்கரை ஏற்றினார். எஞ்சினுக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்றால் மில்லிலிட்டர் சுத்தமாகச் சொல்லுவார். இது தெரியவில்லை.

"ஒரு வேளப் பருப்புக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"ரெண்டு சொம்பு. மிச்சமிருந்தா எஞ்சினுக்கு எடுத்துக்கங்க."