சாய்ந்த தையல்

எனக்கு அறுபத்து மூன்று வயது. நான் பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை ஆளாக்கினேன். படித்தது நாலாவது வரைதான். ஆனாலும் இதை, என்னை ஆயா என்று கூப்பிடும் பேத்தியைக்கூடக் கேட்காமல் நானே எழுதுகிறேன், நான்கு நாளாக.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆம்பூரில் கம்பெனிக்காரர்கள் வெட்டிய தோலை வீட்டுக்கே அனுப்புவார்கள். ஷூவின் மேல்பாகத்தை அம்மா கையால் தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த வாரமும் அப்படியே போனால், கம்பெனிக்குள்ளேயே, மற்றவர்கள் தைத்ததைச் சரிபார்க்கும் மேசையில் அவளை உட்கார வைப்பதாக, தைத்ததை வாங்கிப்போக வரும் மேஸ்திரி பாய் சொல்லியிருந்தார். ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில். அதற்கென்றே அம்மா ஒரு நீலப் புடவையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அவள் தண்ணீருக்குப் போனபோது, முடித்து வைத்திருந்த ஜோடியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில், ஓரமாக, ஒரே ஒரு தையல் சாய்ந்திருந்தது. இதனால் திரும்பி வந்துவிடுமே என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் கைக்குட்டை தைத்துப் பேர் வாங்கியவள் நான். கோணலாகப் போனதைப் பிரித்துத் தைக்க எனக்குத் தெரியாதா? பிரித்தேன். பக்கத்திலேயே நேராகக் குத்தித் தைத்தேன். பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்; இன்னும் பெரிதாயின. அவற்றின் நடுவே, தோலில் முன்பே முள் கீறியிருந்த தழும்பு ஒன்றும் இளித்தது.

அம்மா குடத்தை இறக்கிவிட்டு அதைக் கையில் வாங்கினாள்.

"துணின்னு நெனச்சிட்டியாடி? தோலு இது. குத்துனா குத்துனதுதான். அந்தக் கீறல் தெரியக் கூடாதுன்னுதான் சாச்சுத் தச்சிருந்தேன்."

நான் அழத் தொடங்குவதற்குள் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மேஸ்திரி பாய் ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? உங்க கையா?"

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

"என் கைதான் பாய். கவனம் பிசகிப் போச்சு."

"பேஜார் பண்ணிட்டீங்களேக்கா. உங்க கையில தப்பே வராதுன்னு உள்ள சொல்லி வச்சிட்டேன்."

"வந்துடுச்சே பாய்," என்று அம்மா சிரித்தாள். "டீ குடிச்சிட்டுப் போங்க."

மேசைக்கு வேறொரு பெண் போனாள். பொங்கலுக்கு அம்மா அந்த நீலப் புடவையை வெட்டி எனக்குப் பாவாடை தைத்தாள். அம்மா இனி எங்கேயும் போகமாட்டாள், என்னோடுதான் இருப்பாள் என்று அதைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் குதித்துத் திரிந்தேன்.

பாப்பா, ஆயா எழுதினதை ஒருவாட்டி சத்தமாப் படிச்சுக் காட்டு. கோணலா இருக்கிற எழுத்தை அழிச்சிடாத.