முடிச்சுப் போட்ட தழை

என்னைக் கட்டிக்கொண்டவர் போடிமெட்டில் காவல் சிப்பாய். நான் அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஏலக்காய் கடத்தியவள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பாதிக் கதை வரைக்கும் நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மலையில் விளைகிற ஏலக்காய் முழுக்கத் திருவிதாங்கூர் சர்க்காருக்குச் சொந்தம் என்று இருந்த காலம் அது. வெளியே விற்கக் கூடாது. விற்றார்கள். மூடுபனி இறங்கிய பகல்களில் அதைச் சுமந்துகொண்டு நாங்கள் போடிக்கு இறங்கினோம். நாங்கள் என்றால் நானும், எனக்கு முன்னால் நடக்கிற ஒருத்தியும். என்னைவிட மூத்தவள், அக்கா என்பேன். பெரிய சுமை என்றால் குறுக்குப் பாதை. கொஞ்சம்தான் என்றால் இடுப்பில் துணியோடு சுற்றிக்கொண்டு காவல் சாவடி வழியாகவே தைரியமாக நடப்போம்.

பெண்களைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது என்று சிப்பாய்க்குக் கட்டளை. அதனால் பத்தடி தள்ளி நின்று மூக்கை உறிஞ்சுவார். நாங்கள் சேலையில் பூண்டை நசுக்கித் தேய்த்துக்கொண்டு போவோம். ஒருநாள் அவருக்குக் கடுமையான ஜலதோஷம். "ஏளா, எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. என்னத்த வச்சிருக்கன்னு நீயே சொல்லிரு" என்றார். இப்படியும் ஒரு சிப்பாயா என்று போடி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். மூக்கு சரியானதும் பிடித்துவிட்டார். மூன்று மாதம் உள்ளே இருந்தேன். திரும்பி மலையேறி வந்தபோது அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான்.

பாதைகள் சேர்கிற வளைவில் ஒரு மரத்தடி. அந்த வழியாகப் போகிற எவரும் பச்சைத் தழை ஒன்றை ஒடித்து அங்கே போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். போடாமல் போனால் அங்கே குடியிருக்கிற தெய்வம் காட்டுக்காரி பனியில் வழி மாற்றிவிடுவாள். வாடாத தழைகளை எண்ணி எத்தனை பேர் கடந்தார்கள் என்று சிப்பாய் கணக்குப் பார்ப்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் போடுவோம். ஜெயிலுக்குப் போனால் திரும்பி வரலாம், காட்டுக்காரியிடம் போனால் வர முடியாது. அக்கா மட்டும் தழையின் காம்பில் புல்லைச் சுற்றி முடிச்சுப் போடுவாள், எனக்கும் போடச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தழைக்கு இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. வேறு யாருக்கும் அது தெரியாது.

அக்கா போன பிறகு நான் சுமப்பதை விட்டுவிட்டேன். அவள் எப்படிப் போனாள் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஊரை விட்டு ஓடிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள், நானும் ஆமாம் போட்டேன். சிப்பாய்தான் எனக்கு மேட்டுக்குக் கொஞ்சம் கீழே சர்க்கார் காய் உலர்த்தும் கொட்டிலில் வேலை வாங்கிக் கொடுத்தார். மேலதிகாரி தயங்கியபோது, "இவ மறுபடியும் சுமந்தா என் பட்டைய கழத்திக்கிடுங்க" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட அன்று கொட்டிலின் பின்னால் போய் அழுதேன். எனக்காக யாரும் எதையும் பணயம் வைத்ததில்லை.

பிறகு அவர் வருவதும் நான் திட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. தை மாதம் கல்யாணம் என்று பேசினோம். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டார், முன்பெல்லாம் முடிச்சுப் போட்ட தழை ஒன்றுக்கு இரண்டாகக் கிடக்குமே, அது யாருடையது என்று. இரண்டும் என்னுடையதுதான், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று சொன்னேன். வாய் கூசாமல் வந்தது பொய்.

மார்கழியில் ஒரு காலை, உலர்த்தும் பாயில் என் முன்னால் மரத்தடியிலிருந்து எடுத்துவந்த ஒரு தழையை வைத்தார். காம்பில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. வாடவே இல்லை.

"நான் இல்ல சிப்பாயி" என்றேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. மறுநாளும் ஒன்று கிடந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு வந்து, கொட்டிலில் என் எதிரே உட்கார்ந்துகொண்டார். நாள் முழுக்க நான் காய் பொறுக்கினேன், அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் மேட்டுக்கு ஏறினோம். வெளிச்சம் இருந்தது, ஆனால் பனி முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது.

மரத்தடியில் ஒரே ஒரு தழை. ஈரம் சொட்டியது. எடுத்துப் பார்த்தேன். முடிச்சுப் போட்டிருந்தது புல் அல்ல, கோரை. அந்தக் கோரை மேலே எங்கும் கிடையாது, கீழே பள்ளத்தில் ஓடைக்கரையில்தான் முளைக்கும்.

"நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "அப்போ உன் கூட்டாளி எவனோ இன்னும் சுமக்கான். யாருன்னு சொல்லு. சொல்லாட்டி என் வேலையும் போவும், நீயும் உள்ள போவ."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பட்டை போகும். திறந்தால் அவரே போய்விடுவார். அக்காவை விட்டுவிட்டு வந்தவளை யார் கட்டிக்கொள்வார்கள்? அந்த இடத்தில் நின்று நான் பயந்ததுபோல் ஜெயிலில்கூடப் பயந்ததில்லை.

"இந்த முடிச்சு எனக்கும் அக்காவுக்கும் மட்டுந்தான் தெரியும்" என்றேன். "அவ எங்கயும் ஓடிப்போகல. இந்த வளைவுலதான் சறுக்கி விழுந்தா. கீழ கெடந்து, 'ஏ புள்ள, ஏ புள்ள'ன்னு கூப்பிட்டா. பனியில யாரு கூப்பிட்டாலும் நிக்கக் கூடாது, சிப்பாயிங்க குரல மாத்திக் கூப்பிடுவாகன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. ஆனா அது அவ குரல்தான்னு எனக்குத் தெரியும். சுமைய இறக்காம போடிக்குப் போயிட்டேன். ஏலக்காயக் குடுத்துட்டுத்தான் திரும்பி வந்தேன். வாரப்ப சத்தம் இல்ல."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சத்தம் நானும் கேட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பாதைய விட்டு என்னைய இறக்குததுக்கு ஒரு பொம்பளைய வச்சுக் கத்துதானுவன்னு நெனச்சேன். நீ போனப்பொறவும் கத்துனா. உச்சிவேளையில கேட்டுச்சு, வெயில் சாயுத வரைக்கும் கேட்டுச்சு. நான் சாவடிய விட்டு எந்திரிக்கல."

நாங்கள் ஒருவரை ஒருவர் தொடவில்லை. தழையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கினோம். எலும்புகூடக் கிடைக்கவில்லை. பாதி ஏற்றத்தில் ஒரு வேரில் அவளுடைய சும்மாட்டுத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவ்வளவு தூரம் ஏறி, சறுக்காமலிருக்க அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அங்கிருந்து பாதைக்கு இருபது முழம்கூட இருக்காது, ஒரு கயிறு போட்டிருந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு அவர் வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகு முடிச்சுப் போட்ட தழை வரவில்லை. வைத்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தையில் கல்யாணம் நடந்தது. வேறு யாரையும் கட்டிக்கொள்ள எங்கள் இருவருக்கும் முகம் இல்லை என்பதும் ஒரு காரணம். அவர் மேல் எனக்கு உயிர் என்பது இன்னொன்று.

சர்க்கார் ஏலக்காய் உரிமையை விட்டுவிட்டது, கடத்தல் போய்விட்டது, நாங்கள் மட்டும் மேட்டை விட்டுப் போகவில்லை. பனி மூடிய பகல்களில் பள்ளத்திலிருந்து குரல் வரும். சில நாள் அவருக்குக் கேட்கும், சில நாள் எனக்கு. யாருக்குக் கேட்டாலும் இரண்டு பேரும் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். ஒருதரம் மாட்டு வியாபாரி ஒருவர் கால் உடைந்து கிடந்தார். மற்ற நாளெல்லாம் கீழே யாரும் இருந்ததில்லை.