நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேலே

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் வந்தால் இடது கைப் பக்கம் நாலு கடைகள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடைய டயர் கடை. நாலாவது மருதாத்தாளுடையது. போர்டில் ‘மருது ஆட்டோ ஸ்கேனிங்’ என்று எழுதியிருப்பதால், மருது என்று ஒரு ஆம்பளை இருப்பான் என்று நினைத்துத்தான் எல்லாரும் உள்ளே நுழைவார்கள்.

“மெக்கானிக் இல்லீங்களா?” என்பார்கள்.

“நான்தானுங்க,” என்பாள். ஏழு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஒரு தடவைகூட அவள் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதற்குச் சிரிக்க வேண்டும்?

கொல்லங்கோட்டுக்காரி. பன்னிரண்டாவது முடித்ததும் பாலக்காட்டில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் முன்மேஜை வேலைக்குச் சேர்ந்தாள். வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு அட்டையில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அவள் எழுதியதை உள்ளே ஒருத்தரும் படிப்பதில்லை என்று மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. அட்டையோடு அவளும் வண்டிக்குப் பின்னால் போக ஆரம்பித்தாள். மெக்கானிக்குகள் புரட்டாத வயரிங் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். பத்து வருஷம் கழித்து, கோளாறு கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். ‘கஸ்டமருக்கு நம்பிக்கை வராது’ என்றார் மேனேஜர். மறுநாள் அவருடைய கஸ்டமர் ஒருவரின் வண்டியை வாசலிலேயே ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டு, தன் அலமாரிச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். கட்டிக்கொண்டவர் பொள்ளாச்சியில் பஸ் கண்டக்டர். ஊரையே அதட்டுகிற மனுஷன், வீட்டில் வாய் திறப்பதில்லை.

இப்போது திருமூர்த்தி கதைக்கு வருகிறேன். பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ வைத்த பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். அந்த அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பேர். கம்பெனி கொடுத்த வேகம் போதவில்லை. திருச்சூரில் டின்டு என்ற டியூனரிடம் கொண்டுபோய், இன்ஜினுக்குள் போகும் காற்றையும் பெட்ரோலையும் கூட்டி புரோகிராமை மாற்றிக்கொண்டு வந்தான். அப்படி மாற்றிய வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் குறைத்து வைக்க வேண்டும். அதை மருதாத்தாள் செய்து கொடுத்தாள். அது ஒரு வெள்ளிக்கிழமை.

அடுத்த நாளே போன் வந்தது. “ஏனுங்கக்கா, நாலாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் வரைக்கும் பறக்குதுங்க. அதுக்கு மேல மிதிச்சா மூச்சு முட்டுன மாதிரி திக்குதுங்க.”

“கொண்டாங்க தம்பி, பாக்கலாம்.”

அவன் கொண்டுவரவில்லை. வண்டி ஓடியபோது அதன் கம்ப்யூட்டரில் பதிவான கணக்கை டின்டுவுக்கு அனுப்பிவிட்டான். அந்த மகராசன் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், முந்நூறு பேர் இருக்கிற கார்ப் பிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டான். “பூஸ்ட் தாழே விழுகிறது. அந்தச் சேச்சி பிளக் மாத்தும்போது பைப்பைக் கழட்டி உள்ளே ஏதோ போட்டு, டர்போ பிளேடு போச்சு. கோபாலபுரத்தில் ஆரும் வண்டி கொடுக்க வேண்டா.”

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள், ஒருவேளை விழுந்திருக்குமோ என்று நானும் நினைத்தேன். ஏழு வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவனே இப்படி நினைத்தால் முந்நூறு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த வாரம் வருவதாகச் சொன்ன வண்டிகள் ஒன்றும் வரவில்லை. பாலக்காட்டிலிருந்து வழக்கமாக வரும் அனந்த் சாரும், கார் ஊரில் இல்லை என்றார். அதே காரில் அவர் செக்போஸ்ட் தாண்டிப் போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பேருக்கு ஒரு பழுது வந்தால் இந்தத் தொழிலில் எழ முடியாது. மருதாத்தாளுக்கு அது தெரியும்.

ஒன்பதாம் நாள் அவளே திருமூர்த்திக்குப் போன் செய்தாள். “வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்க தம்பி. என்ற தப்புன்னா நானே அந்தக் குரூப்புல வந்து சொல்லிப்போடறேன். இல்லீன்னா அவரைச் சொல்ல வெக்கறது என்ற வேலை.”

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. முதலில் மெல்லிய கேமராவை உள்ளே விட்டு டர்போவின் பிளேடுகளைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. போட்டோ எடுத்து டின்டுவுக்கு அனுப்பினாள். ‘இது வேறே வண்டியின் போட்டோ ஆயிருக்கும்’ என்று பதில் வந்தது. அவள் முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் அடுத்த வேலையைப் பார்த்தாள். பைப்புகளுக்குள் புகை ஏற்றி ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பெட்ரோல் அழுத்தம் சரி. பிளக் நாலும் நல்ல நிறத்தில் இருந்தன. ஏர் ஃபில்டர் புதுசு.

“அப்பொறம் என்னதான் கோளாறு?” என்றேன்.

“டர்போ முழு மூச்சாச் சுத்துதுங்ணா. பூஸ்ட் மட்டும் ஏறல. உள்ள வர்ற காத்தே பத்தல. நின்ன எடத்துல முறுக்குனா தெரியாது, லோடுல ஓடுனாத்தான் தெரியும்.”

எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், மட்டம் பார்க்கிற தண்ணிக் குழாயை வாங்கி வந்தாள். அதை ‘ப’ மாதிரி வளைத்து மூன்றடி ரீப்பர் கட்டையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றினாள். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் சொருகினாள். தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடாமல் நடுவில் ஒரு காலி பாட்டில். கட்டையை என் மடியில் கொடுத்து முன்சீட்டில் உட்கார வைத்தாள்.

“காத்துப் போறதுக்குத் தடை இருந்தா தண்ணி மேல ஏறும். ஒரு சாண் ஏறுனா நாயம். அதுக்கு மேல போனா சொல்லுங்க.”

மத்தியானம் இரண்டு மணி. தோப்புகளுக்கு நடுவே நேராகப் போகிற ரோட்டில் ஆள் இல்லை. இரண்டாவது கியரில் மிதித்தாள். மூவாயிரத்தில் தண்ணீர் நாலு விரல் ஏறியது. நாலாயிரத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் வண்டி திக்கியது. அந்த நொடியே குழாயில் இருந்த தண்ணீர் மொத்தமும் விருட்டென்று ஏறி பாட்டிலுக்குள் விழுந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியிருக்கவே இல்லை.

வண்டியை ஓரம் கட்டி, ஃபில்டர் டப்பாவுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவருகிற முன்குழாயைக் கழற்றிப் போட்டாள். தண்ணீரை மறுபடி ஊற்றி அதே ரோட்டில் மிதித்தாள். தண்ணீர் ஒரு சாணோடு நின்றது. வண்டி ஆறாயிரம் வரைக்கும் போனது, எனக்கு முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

“முன்னால எங்கியோ வாயை அடைக்குது,” என்றாள்.

கடைக்கு வந்து திருமூர்த்தியையும் வரச் சொன்னாள். அவன் தன் அம்மா மயிலாத்தாளோடு வந்தான், இருவரும் பொள்ளாச்சிக்குப் போகிற வழி. அவர்கள் முன்னாலேயே முன் பம்பரைக் கழற்றினாள். முன்குழாயின் வாய்க்குப் பக்கத்தில், ஒரு கம்பியில் ஒற்றை முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி. கோயில் துணி. நடுவில் குங்குமம். மெதுவாகப் போகும்போது ஓரமாகத் தொங்கும். காற்றை வேகமாக இழுத்தால் போய் வாயில் ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்தால் பழையபடி விழுந்துவிடும். இது எந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் தெரியும்?

திருமூர்த்தி அம்மாவைப் பார்த்தான். “நீதானா?”

“ஆமா. வெள்ளிக்கிழமை பூசை பண்ணுனப்ப முன்னால இருக்கற சந்துல கைய வுட்டுக் கட்டுனேன். நீதானடா காமிச்ச, காரு மூச்சு வுடற எடம் இதுன்னு. உசுரு இருக்கற எடத்துலதானே காப்புக் கட்டோணும். ரெண்டு முடிச்சுப் போட்டேன், ஒண்ணு அவுந்துபோச்சாட்ட இருக்குது.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு மருதாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, சென்சார் கோளாறுன்னு குரூப்புல சொல்லிப்போடலாங்க. எங்கம்மா துணி கட்டுச்சுன்னா மூணு வருஷத்துக்குச் சிரிப்பானுங்க,” என்றான்.

“சிரிக்கட்டும். சென்சாருன்னு சொன்னீங்கன்னா, பிளக் மாத்தறப்ப அதையும் நான்தான் ஒடச்சேன்பாங்க. என்ற பேரக் கெடுக்க ஒரு பொய் போதாதுங்களா? இன்னொண்ணு எதுக்கு?”

“ஊருக்குள்ள எங்க மானம்...”

“எனக்கு மானம் இல்லீங்களா தம்பி?”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மயிலாத்தாள் காதில் விழுந்துவிட்டது. என்ன ஏது என்று கேட்டார். திருமூர்த்தி பேச்சை மாற்றப் பார்த்தான். நான்தான் முழுக்கதையையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு மகனிடம் கையை நீட்டினார். “போனக் குடு. பேசறதுக்கு எதை அமுக்கோணும்?”

பேசினார். “பெருமாட்டி மயிலாத்தா பேசறேன். துணியைக் கட்டுனது நானு. அந்தப் புள்ள மருதாத்தா மேல ஒரு தப்பும் இல்ல. என்ற மகன் காரு கெட்டுப் போகோணும்னு கட்டல, ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் கட்டுனேன். சிரிக்கறவிக சிரிச்சுக்குங்க. பாக்காமயே ஒரு பொம்பளப் புள்ள பொழப்புல மண்ணைப் போட்டவரு மட்டும் சிரிக்க வேண்டாம்.”

மருதாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. உடனே விட்டுவிட்டு, “தம்பி, என்னையும் அந்தக் குரூப்புல சேத்துங்க,” என்றாள்.

பம்பரை மாட்டி முடிப்பதற்குள் டின்டுவிடமிருந்து அவள் நம்பருக்குத் தனியாக வந்தது: ‘சாரி சேச்சி. எனக்கு மிஸ்டேக் ஆயிப்போயி. நம்முக்குள்ளே தீர்க்கலாம்.’

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு வாய்ஸ் அனுப்பினாள். “முந்நூறு பேரு முன்னால நின்னு வெய்யறதுக்குத் தெரிஞ்சுதுங்களே. மன்னிப்பு மட்டும் எதுக்குங்க ஒளிஞ்சு நின்னு கேக்கறீங்க? அங்கயே வந்து கேளுங்க.”

கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. திருமூர்த்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம், விட்டுவிடு என்று நானும் சொன்னேன், பெரிய இடத்து ஆள், பகை எதற்கு என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் என் கடைக்கே போய்விட்டேன்.

பிறகு குரூப்பில் டின்டுவின் குரல் வந்தது. வண்டியைப் பார்க்காமல் பேசியது தன் தப்பு, சேச்சியின் வேலையில் குறை ஒன்றும் இல்லை, மன்னிக்கணும். மருதாத்தாள் அதைக் கடை வாசலில் நின்று, என் காதுக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். ஒரு தடவைதான். நான் எழுந்து வந்து, இப்போதாவது மனசு ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

“பன்னெண்டு நாளு ஆச்சுங்ணா,” என்றாள். “நீங்ககூட என்ற மேலதான் சந்தேகப்பட்டீங்க, உங்க மொகத்துலயே தெரிஞ்சுது. நீங்க எப்ப மன்னிப்புக் கேக்கப் போறீங்க?”

திருமூர்த்தியும் அவன் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, நான் கேட்டேன்.