சங்கரம்மாளுக்கு மட்டும் வந்த காய்ச்சல்

சங்கரம்மாள் யாரையும் எளிதில் மதிக்கிறவள் இல்லை. தூத்துக்குடியில் அவுரி இலையைக் கப்பலுக்கு மூட்டை கட்டுகிற கிட்டங்கி ஒன்றில் பத்து வருசமாக இலை புடைத்தாள். மேஸ்திரி நல்லக்கண்ணுவை வாயால் ‘அண்ணாச்சி’ என்பாள். மனசுக்குள் வைத்திருந்த பெயர் வேறு.

எழுபத்தேழாம் வருசம் ஐப்பசி மழையில் கூரைத்தகரம் ஒழுகி மூட்டைகள் நனைந்தன. பிரித்தால் இலையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூசணம். வீசியெறிய முதலாளிக்கு மனசு வரவில்லை; உதறிக் காயவைத்துக் கட்டச் சொன்னார். எட்டுப் பெண்கள் உதறினார்கள். தூள் புகையாய் எழும்பியது.

அன்று சாயங்காலம் சங்கரம்மாளுக்குக் குளிர்காய்ச்சல், மூச்சுமுட்டல். காலையில் தெளிந்தது. வேலைக்குப் போனாள், சாயங்காலம் திரும்பவும் வந்தது. ஒரு மாசத்தில், குடம் தூக்கினாலே மூச்சு வாங்கியது.

“ஏளா, உனக்குக் காசநோய்,” என்றான் மேஸ்திரி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. “மத்த ஏழு பேரும் இதே தூசிலதான நிக்காளுவ? அவளுவளுக்கு ஏன் ஒண்ணும் வரலை?”

தெருமுனை டாக்டரும் அதையே சொன்னார். சளியைப் பார்க்கவில்லை, படம் எடுக்கவில்லை. இருமலைக் கேட்டார், ஊசியைச் சொருகினார். நாற்பது ஊசி. இடுப்பு புண்ணானதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தாள். அதில் வந்த காப்பியை அவள் கண்முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினாள் சங்கரம்மாள்.

பிறகு துறைமுகத்தில் வேலைநிறுத்தம். இரண்டு வாரம் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. காய்ச்சலே இல்லை. திறந்த அன்றைக்கே வந்துவிட்டது. அவளுக்குப் பொறி தட்டியது. ஒரு கை இலையை முந்தானையில் முடிந்துகொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஹில்டா என்ற பெண் டாக்டர் மூன்று நாள் சளியைப் பார்த்தார், காசக்கிருமி இல்லை. நெஞ்சைப் படம் எடுத்தார். இலைத்தூளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார், அத்தனையும் பூசணம்.

“எனக்கு மட்டும் ஏம்மா?”

“மூச்சோட உள்ள போற பூசணத்தை ஒடம்புல இருக்க காவல் அணுக்கள் சத்தமில்லாம முழுங்கிரும். மத்தவங்களுக்கு அதோட முடிஞ்சிது. ஒன் ஒடம்பு அதை எதிரின்னு அடையாளம் வச்சிருக்கு. துளி போனாலும் படையைக் கூட்டிருது. அந்தச் சண்டையிலதான் நுரையீரல் வீங்குது.”

“அப்போ கூறுகெட்டது என் ஒடம்புதானா?”

“இல்ல, ரொம்ப உஷார்,” என்று டாக்டர் சிரித்தார். சண்டையை அடக்க ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார். கிட்டங்கிப் பக்கமே போகக்கூடாது என்றார்.

ஒரே ஒருமுறை போனாள். உள்ளே நுழையாமல் வாசலில் நின்று கூப்பிட்டாள். “ஏய், நல்லக்கண்ணு!”

உள்ளே புடைக்கிற சத்தம் நின்றது.

“எனக்குக் காசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ உதறச் சொன்ன பூசணம்தான். ஒன் மூக்குக்குத் துண்டு இருக்கு, இவளுவளுக்கு என்னல இருக்கு?”

மறுநாள் அந்த ஏழு பேரும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் மூட்டை பிரித்தார்கள்.

சங்கரம்மாள் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். காய்ச்சல் பிறகு வரவில்லை. நுரையீரலில் தழும்பு கொஞ்சம் தங்கிவிட்டது. வேகமாக நடந்தால் வரப்பில் நின்று மூச்சு வாங்குவாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால், “என்னத்தப் பாக்க? ஒன் சோலியப் பாரு,” என்பாள்.